சந்தையில் வாங்கிய தாத்தா

படக் கண்ணாடியில் இருந்த பொத்தல் சரியாகப் படத்தில் இருந்த மனிதரின் நெற்றியில் விழுந்திருந்தது. மிளகு அளவுதான். ஆனால் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போய் நின்றது.

மோகனராஜ் படத்தைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார். கோயிலுக்குப் போன தவமணி இன்னும் வரவில்லை. வருவதற்குள் அந்தப் பொத்தலுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும். "ஒடஞ்ச சாமான் இன்னும் ஒண்ணு இந்த வாசப்படி ஏறிச்சுன்னா நான் எறங்கிருவேன்" என்று அவள் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவளையும் குறை சொல்ல முடியாது. மோகனராஜ் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மனேஜர். கிழமை நாட்களில் புதுச் சாமான் விற்பார். ஆணி, பூட்டு, பெயின்ட். லீவு நாட்களில் பழைய சாமான் வாங்குவார். தெல்தோட்டைப் பக்கம் எந்தத் துரை பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான் ஏலம் போனாலும், காக்கா கத்துவதற்கு முன்னால் அங்கே நிற்பார். முள் இல்லாத சுவர்க்கடிகாரம், சிமினி இல்லாத விளக்கு, மூன்று காலில் நிற்கும் சாய்மனைக் கதிரை, பாட்டுப் பெட்டி இல்லாத பாட்டுப் பெட்டிக் குழாய் என்று அம்பிட்டியவில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் மனிதர்கள்தான் ஒதுங்கி நடந்தார்கள். ஐந்து லட்சம் பெறுமதியான பொருள் ஒருநாள் ஐந்நூறு ரூபாய்க்குக் கையில் மாட்டும் என்பது மோகனராஜின் நம்பிக்கை. இதுவரைக்கும் ஐந்நூறு ரூபாய்ப் பொருளைத்தான் அவர் ஐயாயிரத்துக்கு வாங்கியிருந்தார்.

இந்தப் படத்தையும் அவர் படத்துக்காக வாங்கவில்லை. பிரேமுக்காக வாங்கினார். அலவத்துகொட பளீல் நானா ஊர் ஊராகச் சந்தைகளில் படங்கு விரித்துப் பழைய சாமான் விற்கிறவர். அவர்தான் அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க சேர், தேக்கு. இந்த வேலப்பாடு இப்ப எவனும் செய்ய மாட்டான். இதே படத்தோட இப்பிடி மூணு பிரேம் வந்திச்சி. ரெண்டு போயிட்டு. இது கடேசி."

"உள்ள இருக்கிறது யாரு நானா?"

"யாரோ ஒரு மனிசன். அவருக்கு நான் காசு எடுக்கல்ல சேர். அவரு சும்மா வாறாரு."

சும்மா வந்தவர் பெரிய ஆளாகத்தான் இருந்தார். பட்டுத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கிவிட்ட மீசை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. பின்னால் சீலையில் வரைந்த ஒரு பூந்தோட்டம். படத்தைக் கழற்றிவிட்டு நிலைக்கண்ணாடி போட்டால் கூடத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பது மோகனராஜின் கணக்கு. நெற்றியில் இருந்த பொத்தலை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டார்.

சாமித் தட்டில் அரைத்த சந்தனம் இருந்தது. கொஞ்சம் எடுத்துப் பொத்தலில் அடைத்தார். சேறு தெறித்த மாதிரி இருந்தது. விரலால் வட்டமாக வழித்துவிட்டு, நடுவில் குங்குமத்தை ஒற்றினார். இப்போது பார்த்தால் பொத்தல் இருந்த அடையாளமே இல்லை. மோகனராஜ் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு திரும்பினார். தவமணி வாசலில் நின்றாள்.

"யாருங்க இது?"

"படம்."

"படம்னு தெரியுது. பொட்டு வச்சிருக்கே. செத்தவரா?"

மோகனராஜ் யோசித்தார். பார்த்தால் எழுபது எண்பது வருடத்துப் படம். "இருக்க மாட்டாருன்னுதான் நெனைக்கிறேன்."

"யாரு வீட்டுச் செத்தவர நம்ம வீட்டுக்குக் கொண்டாந்து பொட்டு வச்சிருக்கீங்க?"

பொத்தலைச் சொன்னால் அவள் படியிறங்குவாள். "பழைய காலத்துப் பெரிய மனுசன். சும்மா ஒரு மரியாதைக்கி" என்றார்.

தவமணிக்கு உலகத்தில் இரண்டு பயம். ஒன்று உடைந்த கண்ணாடி. மற்றது கவனிக்காமல் விட்ட செத்தவர்கள். "பொட்ட வச்சிட்டு வெறுமனே விடக் கூடாதுங்க. அந்த ஆன்மா வாசல்லயே நிக்கும். பொண்ணு பாக்க வரப்போற வீடு" என்று சொல்லிக்கொண்டே அவளே ஒரு பிளாஸ்டிக் மாலையைத் தேடி எடுத்தாள். கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க வைத்தாள். தீபாவளிக்கு வாங்கிய சிவப்புச் சின்ன பல்ப் ஒன்றையும் மேலே தொங்கவிட்டாள்.

சாயங்காலம் பல்ப் எரிந்தபோது அந்த மனிதர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்து, அதே கூடத்தில் உயிரை விட்டவர் மாதிரி இருந்தார்.

மகள் சிந்துஜா பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இவரு எந்த ஏலத்துல வந்தாருப்பா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கல்யாணத் தரகர் மாரிமுத்து வந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்றே கூரை முதல் தரை வரை ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றைக்கு அளந்த கண் பாதியில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, படத்துக்கு நேரே கை கூப்பினார்.

"தாத்தாங்களா?"

'இல்ல' என்ற சொல் மோகனராஜின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தரகர் அதற்கு வழி விடவில்லை.

"தலப்பாவப் பாத்தாலே தெரியுதே, பெரிய கங்காணின்னு. ஒரு வார்த்த சொன்னீங்களா அண்ணே? மாப்பிள வீட்டுலயும் அதான் விசேஷம். ராஜலிங்கம் ஐயாவோட தாத்தாவும் பெரிய கங்காணி. குதிரையில போனவராம். லயத்து ஆளுகளோட சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டிருந்தாங்க. இனிக் கவலை இல்ல."

பெரிய கங்காணி என்றால் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆள் கட்டிக் கொண்டுவந்து, துரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தை ஆண்டவர். கோட்டும் தலைப்பாகையும் அவருக்குத்தான். வரிசை வீடுகளான லயங்களில் இருந்த மற்றவர்களுக்குக் கம்பளி.

மோகனராஜின் அப்பா கறுப்பையா கம்பளிக்காரர். தெல்தோட்டையில் நாற்பது வருடம் கான் வெட்டினார். மழைத் தண்ணீர் தேயிலை மண்ணை அள்ளிப் போகாமல் மலைச்சரிவில் கான் என்கிற வடிகால் வெட்டுகிற வேலை. முதுகு ஒடிகிற வேலை. பெரிய கங்காணி என்ற பேச்சு காதில் விழுந்தால், வாயில் இருக்கிற வெற்றிலையை ஒரு பக்கமாகத் திரும்பித் துப்பிவிட்டுத்தான் அவர் மறு வார்த்தை பேசுவார்.

அது மோகனராஜுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. லயத்து ஆட்களோடு சம்பந்தம் வேண்டாம் என்று தரகர் சொன்னதும் காதில் இருந்தது. சிந்துஜாவும் மாப்பிள்ளைப் பையன் சுரேஸும் ஏற்கனவே போனில் பேசிச் சிரித்துக்கொள்வதும் தெரியும். அவர் சும்மா இருந்தார். அவ்வளவுதான் செய்தார். பொய் சொல்வதற்கு எந்நேரமும் வாயைத் திறக்க வேண்டும் என்றில்லை.

"பேருங்க?" என்று தரகர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

இப்போது வாயைத் திறக்க வேண்டி வந்தது. பக்கத்துப் படத்தில் முருகன் வேலோடு நின்றார்.

"வேலாயுதம்."

"வேலாயுதக் கங்காணி" என்று தரகர் ரசித்து எழுதிக்கொண்டார்.

தேத்தண்ணியோடு வந்த தவமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தரகர் போகும் வரை பொறுத்திருந்தாள்.

"ஒங்க தாத்தா பேரு பெரியாண்டி இல்லீங்களா?"

"மெதுவாப் பேசு."

"யாருக்குக் கேட்டுரும்? அவருக்கா?" என்று அவள் படத்தைக் காட்டினாள்.

மறு கிழமைக்குள் வேலாயுதக் கங்காணி ஊரெல்லாம் நடமாடத் தொடங்கிவிட்டார். கடை முதலாளி, "ஒங்க தாத்தா பெரிய ஆளாமே, சொல்லவே இல்ல" என்று முதல் தடவையாகக் கதிரை காட்டினார். கோயில் சபைச் செயலாளர் திருவிழா மலரில் போட அந்தப் படத்தின் போட்டோ வேண்டும் என்று கேட்டார். மோகனராஜ் தலையாட்டினார். அந்தக் கிழமை அவர் ஆட்டிய தலைக்கு அளவே இல்லை.

பெண் பார்க்க நாலு பேர் வந்தார்கள். வத்தேகமவிலிருந்து ராஜலிங்கம், அவர் மனைவி, மாப்பிள்ளை சுரேஸ், கூடத் தரகர். ராஜலிங்கம் வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, நிதானமான ஆள். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார். தலையை நிமிர்த்தினார். படத்தைக் கண்டார். மற்றச் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார்.

மோகனராஜ் அவசரமாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

ராஜலிங்கம் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். ஆனால் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை கழுத்து பின்னால் திரும்பியது. முறுக்குத் தட்டை நீட்டினால் முறுக்கை எடுக்காமல் தட்டையே பிடித்துக்கொண்டார்.

"இந்தப் படம்... எங்க எடுத்ததுங்க?"

"கண்டியிலதான். அந்தக் காலத்து ஸ்டூடியோ."

"ஒங்க சொந்தத் தாத்தா?"

தரகர் இடையில் பாய்ந்தார். "என்னங்கய்யா இப்பிடிக் கேட்டுட்டீங்க? மூக்கப் பாருங்க. அப்பிடியே மோகன் அண்ணன் மூக்கு."

ராஜலிங்கம் படத்தின் மூக்கைப் பார்த்தார். மோகனராஜின் மூக்கைப் பார்த்தார். பிறகு என்னவோ தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஐயா, நீங்களும் ஒங்க தாத்தாவப் பத்திச் சொல்லுங்க. குதிரையில போனாரே" என்று தரகர் எடுத்துக்கொடுத்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று ராஜலிங்கம் தரையைப் பார்த்தார்.

உண்மையான பெரிய குடும்பத்து ஆட்கள் தம்பட்டம் அடிக்க மாட்டார்கள் என்று மோகனராஜ் நினைத்தார். அந்த நினைப்பு அவரை இன்னும் சுருக்கியது. அந்த நேரம் தேத்தண்ணித் தட்டோடு வந்த சிந்துஜாவைப் பார்த்து ராஜலிங்கத்தின் மனைவி, "கங்காணியார் வீட்டுப் புள்ள, நடையே தெரியுது" என்றாள். சிந்துஜா நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். தட்டில் கோப்பைகள் ஒன்றோடு ஒன்று உரசிச் சத்தம் போட்டன.

வந்தவர்கள் அரை மணித்தியாலம்கூட இருக்கவில்லை. வீட்டில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்றார்கள். வருகிற ஞாயிறு நீங்கள் வாங்க என்றார்கள். ராஜலிங்கம் படியிறங்கும்போதுதான் ஒரு காலில் செருப்பு இருப்பதைக் கண்டு, கூனிக்குறுகி மற்றதைத் தேடினார்.

"அந்தாளு கண்டுபிடிச்சிட்டாரு" என்றார் மோகனராஜ்.

"எப்பிடிங்க?"

"பரம்பரைப் பணக்காரன் கண்ணுக்குத் தெரியாதா, எது அசல், எது சந்தைன்னு?"

வியாழக்கிழமை தரகர் போன் எடுத்தார். "அண்ணே, இந்த ஞாயிறு வேணாமாம். அவங்க வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறாங்களாம். அடுத்த கிழம வரச் சொன்னாங்க."

பெயின்ட் விற்கிற மோகனராஜ் வெளியே பார்த்தார். நாலு நாளாக விடாத மழை. "இந்த மழையில எவன் பெயின்ட் அடிப்பான்? தட்டிக் கழிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். அது மூன்று கால் கதிரை. ஒரு பக்கமாகச் சரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சிந்துஜா கை கொடுத்துத் தூக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, சுரேஸ் போன்ல கேட்டாரு, ஒங்க பூட்டன் எந்தத் தோட்டத்துல கங்காணியா இருந்தாருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"போன வெட்டிட்டேன். என்னத்தச் சொல்றது? என்னையத் தோள்ல வச்சுத் தூக்கிட்டுத் திரிஞ்சது கறுப்பையா தாத்தா. கான் வெட்டி வெட்டி உள்ளங்கை மரப்பலக மாதிரி இருக்கும். சந்தையில வாங்கின ஆளுக்கு மாலை, பல்ப் எல்லாம் இருக்குது. நீங்க ஆணி விக்கிற கடையிலதானேப்பா மனேஜரு? அவருக்கு இந்த வீட்டுல ஒரு ஆணி இல்லியா?"

சத்தம் போடவில்லை. கணக்குப் பாடம் சொல்கிற மாதிரித்தான் கேட்டாள். மோகனராஜுக்கு அது கன்னத்தில் அறைந்ததைவிடக் கூடுதலாக வலித்தது. அவள் எழுந்து போன பிறகும் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழுவழுப்பான கைகள். அவற்றை அப்படி வைத்திருப்பதற்காகத்தான் கறுப்பையா தன் கையை மரப்பலகையாக்கினார்.

மறுநாள் பஸ் பிடித்து அலவத்துகொட போய், பளீல் நானாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நானா, அந்தப் படத்துல இருக்கிறது யாரு? உண்மையச் சொல்லுங்க."

"ஏன் சேர், பேய் ஏதும் வருதா?"

"வந்தாக்கூடப் பரவாயில்ல."

பளீல் நானா தலையைச் சொறிந்தார். "கண்டியில ஒரு பழைய ஸ்டூடியோ மூடினாங்க சேர். புள்ளைகளெல்லாம் வெளிநாடு. சாமான் எல்லாத்தையும் ஒட்டா நான்தான் எடுத்த. அங்க இருந்த வயசாளி ஒருத்தர் சென்னாரு, இந்த மனிசன் ஸ்டூடியோவுக்குத் தண்ணி அள்ளின ஆளாம். படம் கழுவத் தண்ணி வேணுமே. வாசல்ல மாட்ட ஒரு படம் வேணும்டு, அவருக்கே கோட்டப் போட்டு, தலப்பாவக் கட்டி எடுத்திருக்காங்க."

"அப்ப கோட்டு?"

"ஸ்டூடியோட கோட்டு சேர். அங்க ஒரே ஒரு கோட்டுத்தான். மலையிலருந்து வாற ஆக்களெல்லாம் அதத்தான் மாறி மாறிப் போடுற. ஒரு பக்கம் காலர் கிழிஞ்சி தச்சிருக்கும், பாருங்க."

மோகனராஜ் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "படத்தத் திருப்பி எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"எடுக்கேலும். பாதிக் காசுதான் தருவன். பொட்டு வச்ச மனிசன இனி ஆரு வாங்குற? வத்தேகமச் சந்தைக்கு வருவன், அங்க கொண்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியின் அடித்தட்டில் இருந்த தகரப் பெட்டியை எடுத்தார். பிரஜாவுரிமைக் கடதாசிகளுக்கு நடுவில் ஒரு சின்னப் படம் இருந்தது. முத்திரை அளவுதான். கறுப்பையா தன் ஆயுளில் எடுத்த ஒரே படம். பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போடுவதற்காகக் கண்டிக்கு இறங்கி வந்து எடுத்தது. தோளுக்குப் பெரிதான ஒரு கறுப்புக் கோட்டுக்குள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில், "அந்தக் கோட்டு எங்கப்பா?" என்று மோகனராஜ் கேட்டிருக்கிறார். "எரவல்டா" என்று சொல்லிக் கறுப்பையா வாய் நிறையச் சிரிப்பார்.

படத்தைப் பல்புக்குக் கீழே பிடித்தார். காலரில் ஒரு பக்கம் கிழிந்து, தைத்த தையல் தெரிந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அதே காலர். அதே தையல்.

தண்ணி அள்ளின ஒருவரைக் கொண்டுவந்து கான் வெட்டின ஒருவரை மறைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கோட்டு. மோகனராஜ் சிவப்பு பல்பை அணைத்தார். அந்த வெளிச்சத்தில் தன் முகம் அவர்கள் இருவருக்கும் தெரிய வேண்டாம் என்று தோன்றியது.

"தவமணி, வத்தேகமவுக்குப் படத்தையும் கொண்டு போறோம்."

"எதுக்குங்க?"

"சந்தையில குடுக்கணும். அதுக்கு முந்தி அவங்ககிட்டச் சொல்லணும். வாயால சொல்ல வராது. கையில படம் இருந்தா வரும்."

"சொன்னா சம்பந்தம் முறிஞ்சிரும்."

"தெரியும்."

தவமணி உள்ளே போனாள். ஒரு பெட்சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மாலையைக் கழற்றும்போது, "மன்னிச்சுக்கங்க ஐயா" என்று படத்துக்கு மெதுவாகச் சொன்னாள்.

ஆட்டோவில் இரண்டு பேர் மடியிலும் குறுக்காகப் படம் கிடந்தது. வளைவுகளில் பெட்சீட்டு விலகி, தலைப்பாகை வெளியே எட்டிப் பார்த்தது.

"யாருங்க ஐயா, சொந்தக்காரரா?" என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"யாருன்னு தெரியாது தம்பி" என்றார் மோகனராஜ். படத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வெளியாளுக்கு வந்த முதல் உண்மை. ஆட்டோக்காரர் அதன் பிறகு வத்தேகம வரும் வரை பேசவில்லை.

ராஜலிங்கத்தின் வீட்டில் உண்மையிலேயே பெயின்ட் வாசம் அடித்தது. கூடத்தின் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பச்சை. ஏல வீடுகளுக்குப் போய்ப் பழகிய கண் மோகனராஜுக்கு. போனதும் சுவரைத்தான் பார்த்தார். பச்சை பூசிய சுவரின் நடுவில் ஒரு பெரிய ஆணி இருந்தது. ஆணிக்கும் சேர்த்துப் பெயின்ட் பூசியிருந்தது. அதில் ஒன்றும் தொங்கவில்லை.

பெட்சீட்டுச் சுற்றிய பொருளைக் கண்டதும் ராஜலிங்கத்தின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. இருந்தும் வரவேற்றார். பின்கதவு வழியாக ஒரு வயதான பெண் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடித் தடவுவது தெரிந்தது. காதில் தோடு தொங்கித் தொங்கித் துளை பெரிதாகியிருந்தது. கையில் பச்சை குத்தியிருந்தது.

"அம்மாங்களா?" என்று தவமணி கேட்டாள்.

"இல்லல்ல. தூரத்துச் சொந்தம். மூக்காயின்னு. கண்ணுல பூ விழுந்து சரியாத் தெரியாது" என்று ராஜலிங்கம் அவசரமாகப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

தேத்தண்ணி வந்தது. கொக்கிஸ் பலகாரம் வந்தது. மோகனராஜ் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, எங்க தாத்தாவப் பத்தி..."

"அத விடுங்க. மழ எப்பிடி அங்க?"

"மழை இருக்குது. அந்தப் படம்..."

"கொக்கிஸ் எடுங்க. சூடா இருக்கு."

"ஐயா, என்னையப் பேச விடுங்க."

மோகனராஜ் எழுந்து பெட்சீட்டை உருவினார். படத்தைப் பச்சைச் சுவரில் சாய்த்து வைத்தார். பட்டுத் தலைப்பாகையும் மீசையும் சந்தனப் பொட்டுமாக அந்த மனிதர் எல்லாரையும் பார்த்தார். ராஜலிங்கத்தின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இவரு எங்க தாத்தா இல்ல. வேலாயுதம்னு ஒரு ஆளே கெடையாது. பளீல் நானான்னு ஒருத்தர்கிட்டச் சந்தையில வாங்கின படம். பிரேமுக்காக வாங்கினேன். கண்ணாடியில ஓட்டை. அத மறைக்கப் பொட்டு வச்சேன். பொட்டுக்கு மாலை வந்திச்சு. மாலைக்குத் தரகர் வந்தாரு. தாத்தாவான்னு கேட்டாரு, நான் வாய மூடிட்டு இருந்தேன். வெக்கங்கெட்ட வேல."

சட்டைப் பையிலிருந்து முத்திரை அளவுப் படத்தை எடுத்து டீப்போ மேசையின் மேல் வைத்தார்.

"இதுதான் எங்கப்பா. கறுப்பையா. தெல்தோட்டையில கான் வெட்டினாரு. லயத்துலதான் நான் பொறந்தேன். எம் மக பொய் சொல்லல. போன வெட்டினாளே தவிர, ஒரு பொய் சொல்லல. பழிய அவ மேல வச்சிராதீங்க. கோபம்னா என் மேலயே காட்டுங்க. நாங்க வர்றோம்."

அவர் எழுந்தார். தவமணியும் எழுந்தாள். ராஜலிங்கம் மட்டும் எழவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். சுரேஸ் குனிந்து தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"மோகனராஜ்... கொஞ்சம் இருங்க" என்றார் ராஜலிங்கம். "நானும் ஒண்ணு..."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

பின்கதவு திறந்தது. மூக்காயி சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தாள். நின்றுகொண்டிருந்த இரண்டு விருந்தாளிகளையும் கதிரைகளைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனாள். பச்சைச் சுவரடியில் கால் தட்டுப்பட்டதும் குனிந்தாள். உள்ளங்கையால் பிரேமை மேலிருந்து கீழே தடவினாள். கோட்டுக்காரர் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ராஜலிங்கத்தின் கதிரை இருந்த திசையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன்டா ராசு, அலுமாரிக்குப் பின்னுக்கு ஒளிச்சு வச்ச கங்காணியார எதுக்குடா திரும்ப வெளிய எடுத்த? சம்மந்தி வீட்டு ஆளுக போயிட்டாங்களா?"